குடுவையில் மாறும் நிறமும் உடலில் நிகழும் வினையும்: மூலிகைகளின் எதிர் ஆக்சிஜனேற்றப் பண்பை அளத்தல் குறித்து

முன்னுரை

வெப்பமண்டல மூலிகைகளின் எதிர் ஆக்சிஜனேற்றப் பண்பைக் கூறும் ஆய்வுகளில் பல ஒரே தடத்தில் செல்கின்றன. இலையையோ காயையோ உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் சாறெடுத்து, டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறச் சேர்மத்தின் கரைசலில் கலக்கிறார்கள். ஊதா நிறம் மஞ்சளாக வெளிறுவதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறார்கள். குறைந்த செறிவிலேயே நிறம் பாதியாகிவிட்டால், அம்மூலிகை புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்தாகக்கூடும் என்று முடிவுரை எழுதப்படுகிறது. அந்த அளவீடு இந்த முடிவைத் தாங்காது என்பதும், இம்மூலிகைகளின் ஆற்றலை வேறு வழியில் ஆராய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சோதனை எதை அளக்கிறது?

பிளாய்ஸ் 1958இல் வெளியிட்ட முறையே இன்றைய டி.பி.பி.எச். சோதனைக்கு அடிப்படை. அதில் பயன்படும் தனி உறுப்பு நிலையானது, உடலில் உண்டாகாதது. உயிரணுவில் தோன்றும் ஹைட்ராக்சில் உறுப்போ தோன்றிய இடத்திலேயே அருகிலுள்ள மூலக்கூறைத் தாக்கி மறைந்துவிடும். இத்தகைய ஆய்வுகளில் ஃபீனால் அளவைக் காணப் பயன்படும் ஃபோலின்–சியோகால்டோ வினைப்பொருள் வைட்டமின் சி-யுடனும் வினைபுரியும். ஆகவே, அந்த வைட்டமின் மிகுந்த நெல்லிக்காயில் கிடைக்கும் எண் முழுவதையும் ஃபீனால்களின் கணக்கில் சேர்க்க இயலாது.

இரத்தத்தில் சேர்வது எது?

கடுக்காயின் செபுலாஜிக், செபுலினிக் அமிலங்கள் குடுவையில் வலிமையாகச் செயல்படும் டானின்கள். ஆனால் அவை பெரிய மூலக்கூறுகள். குடல் வழியாக அப்படியே உட்கவரப்படுவது மிகக் குறைவு. இவ்வகை டானின்களிலிருந்து பிரியும் எல்லாஜிக் அமிலத்தைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. இரத்தத்தில் காணப்படுபவை பெரும்பாலும் இவையே. தாய்ச் சேர்மங்களோடு ஒப்பிட்டால், வேதிச் சோதனைகளில் யூரோலித்தின்களின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறன் சொற்பம். எனினும் யூரோலித்தின் ஏ, பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களை உயிரணு அகற்றத் துணைபுரிந்து, நூற்புழுக்களின் ஆயுளை நீட்டித்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. டி.பி.பி.எச். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இச்சேர்மம் முதல் சல்லடையிலேயே கழிக்கப்பட்டிருக்கும்.

குடுவையில் செயல்படுவது இரத்தத்தில் சேராமல் போகலாம் என்பதை மஞ்சளும் உணர்த்துகிறது. அதிலுள்ள குர்குமினைத் தனியே 2 கிராம் உட்கொண்டபோது அது இரத்தத்தில் அரிதாகவே தென்பட்டது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அதன் உயிர்க்கிடைப்பு 2000 விழுக்காடு உயர்ந்ததாக 1998இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உணவிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் இரத்தத்தில் லிட்டருக்குச் சில மைக்ரோமோல்களைத் தாண்டுவது அரிது; உடலின் சொந்த எதிர் ஆக்சிஜனேற்றியான யூரிக் அமிலமோ சில நூறு மைக்ரோமோல் அளவில் அங்கு இருக்கிறது. தனி உறுப்புகளை நேரடியாக அடக்கும் பணியில் மூலிகைச் சேர்மங்களின் பங்கு சிறியதாகவே இருக்க முடியும்.

இவற்றின் ஆற்றலை விளக்கக் கூடிய வலுவான கருதுகோள் வேறு. குர்குமின் போன்ற சேர்மங்கள் கீப்1 புரதத்தின் சிஸ்டீன்களோடு வினைபுரிந்து, என்.ஆர்.எஃப்.2 புரதத்தை விடுவிக்கின்றன. அது உட்கருவுக்குள் சென்று, குளுட்டாத்தயோன் ஆக்கத்துக்கும் நச்சு நீக்கத்துக்கும் உரிய மரபணுக்களை இயக்குகிறது. சிறு உறுத்தலால் உடலின் சொந்தக் காப்பை எழுப்பும் இந்த வினையை நிறமாற்றச் சோதனை காட்டாது.

மிகையின் விளைவு

எதிர் ஆக்சிஜனேற்றியைக் கூட்டினால் நலம் கூடும் என்ற எண்ணம் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. புகைபிடிக்கும் 29,133 பின்லாந்து ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது என்று 1994இல் அறிவிக்கப்பட்டது. உணவுகளின் எதிர் ஆக்சிஜனேற்றத் திறனைத் தரவரிசைப்படுத்திய தன் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நிகழும் விளைவுகளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், வணிக விளம்பரங்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தின என்பதும் அதற்கான காரணங்கள்.

மறுப்பும் விடையும்

நிறமாலைமானி ஒன்று மட்டுமே உள்ள கல்லூரி ஆய்வகத்துக்கு நிறமாற்றச் சோதனைகளே எட்டும் என்பது நியாயமான மறுப்பு. அவற்றுக்கு உரிய இடமும் உண்டு. ஒரு சாறு எண்ணெயைச் சிக்குவாடை அடிக்காமல் காக்குமா, ஒரு தொகுதிச் சூரணம் அடுத்ததோடு ஒத்திருக்கிறதா என்று அறிய அவை பயன்படும். கறிவேப்பிலையின் கார்பசோல் ஆல்கலாய்டுகள் எண்ணெயைக் காக்கும் நோக்கில் ஆராயத் தக்கவை.

நோய் தீர்க்கும் என்று எழுதுவதற்கோ மேலும் சில படிகள் தேவை. தாவர மாதிரி உலர்தாவரகத்தில் பதிவாக வேண்டும். வைத்தியர் கொடுப்பது கஷாயமானால் நீர்ச்சாறே சோதிக்கப்பட வேண்டும். செரிமானத்துக்கும் குடல் நுண்ணுயிர்ச் சிதைவுக்கும் பின் எஞ்சுபவை எவை என்று காண வேண்டும். பல ஃபீனால்கள் வளர்ப்பூடகத்திலேயே ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குவதால், உயிரணு ஆய்வில் கேட்டலேஸ் சேர்த்த ஒப்பீடு வேண்டும். மனிதரிடம் ஐசோபுரோஸ்டேன் போன்ற ஆக்சிஜனேற்றச் சேதக் குறிகாட்டிகள் அளக்கப்பட வேண்டும்.

முடிவுரை

கடுக்காயும் நெல்லியும் மஞ்சளும் நீண்டகால மருத்துவப் பயன்பாட்டில் உள்ளவை; அதனாலேயே கூரிய ஆய்வுக்கு உரியவை. குடுவைச் சோதனை ஒன்றையே சான்றாகக் கொண்டு நோய்களின் பெயரைச் சொல்லும் கட்டுரைகளை நம் ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த முடிவுரைகளை நம்பி மருந்தைத் தள்ளிவைக்கக்கூடிய நோயாளிக்கு ஆய்வுலகம் செய்ய வேண்டிய முதல் கடமை அது.