விதியும் நெஞ்சும்

விற்பனை உறுதி ஒன்று எழுதப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

1740களின் முற்பகுதி. அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த நியூ ஜேர்சியில், மவுண்ட் ஹொலி என்னும் சிற்றூர்க் கடையொன்றில் ஜோன் வூல்மன் என்ற இளைஞர் இலிகிதராக வேலை பார்த்து வந்தார். கடை முதலாளி தம்மிடம் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டார். வாங்கியவர் காத்துக்கொண்டிருந்தார். உறுதியை எழுதும்படி வூல்மன் பணிக்கப்பட்டார். பணித்தவர் ஆண்டுச் சம்பளம் கொடுக்கும் எசமானர். வாங்கியவரோ வயதில் முதிர்ந்தவர், வூல்மன் சார்ந்திருந்த அதே சமயச் சங்கத்தின் அங்கத்தவர். நாட்டின் சட்டம் இவ்விற்பனையை அனுமதித்தது. சங்கத்தின் விதியும் அதனைத் தடுக்கவில்லை. வூல்மன் எழுதிக் கொடுத்தார். ஆயினும், அடிமை வைத்திருத்தல் கிறித்தவ சமயத்துக்கு ஒவ்வாத செயல் என்று தாம் கருதுவதை அவ்விருவர் முன்னிலையிலும் கூறினார். கூறிய பின்னரும் மனம் ஆறவில்லை. சிலகாலம் கழித்து இன்னொருவர் அத்தகைய உறுதியொன்றை எழுதித் தரும்படி கேட்டபோது, தம்மால் இயலாதென்று மறுத்துவிட்டார்.

முதற்றடவை எழுதிய கை இரண்டாந்தடவை எழுத மறுத்ததே! இடையில் மாறியது எது? சட்டம் மாறவில்லை, திருச்சபையின் போதனை மாறவில்லை, வேத நூலிற் புதிய வசனம் எதுவும் சேரவில்லை. மாறியது ஒரு மனிதனின் நெஞ்சம். விதிகளை வழுவாது கைக்கொள்ளுவதே நல்வாழ்வு என்ற நிலையிலிருந்து, நெஞ்சு இடித்துரைப்பதைக் கேட்டு நடப்பதே நல்வாழ்வு என்ற நிலைக்கு ஒருவர் செல்வதை இங்குக் காண்கிறோம். இதனைத் தனிமனிதர் ஒருவரின் பக்திக் கதையாக மட்டும் கொள்வோர் கொள்க. நாம் இதனைச் சமுதாய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே கருதுகிறோம்.

வூல்மன் சார்ந்திருந்த சங்கம் ‘நண்பர் சங்கம்’ எனப்பட்டது. ‘நடுங்குவோர்’ என்ற பொருள்பட, பகைவர் ஏளனமாகச் சூட்டிய ‘குவேக்கர்’ என்னும் பெயரே உலகில் நிலைத்தது. இதனைத் தோற்றுவித்த ஜோர்ஜ் பொக்ஸ், 1624ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்ரர்சயர் பகுதியில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சப்பாத்துத் தைக்கும் தொழில் பயின்றவர். அவர் இளைஞராய் இருந்த காலம் இங்கிலாந்து மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலம். 1649இல் மன்னன் முதலாம் சாள்சின் தலை வீழ்ந்தது. மன்னன் வீழ்ந்தால் அவனது திருச்சபையின் அதிகாரம் மட்டும் கேள்விக்குள்ளாகாது இருக்குமா? உழவரும் நெசவாளரும் கைவினைஞரும் வேத நூலைத் தாமே வாசித்துத் தாமே வாதிடத் தொடங்கினர்.

பொக்ஸ் மதகுருமார் பலரிடம் தம் மனத்துயருக்கு மருந்து தேடி அலைந்தார்; எவரிடமும் கிடைக்கவில்லை. ஈற்றில், ஒவ்வொரு மனிதனுள்ளும் ஓர் உள்ளொளி உண்டு, அதனை நேரே கேட்டு நடக்கலாம், இடைத்தரகர் வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தார். கேட்பதற்கு எளிய கோட்பாடு. ஆனால் அதன் விளைவுகளோ எளியனவல்ல. உள்ளொளி எல்லாருக்கும் பொதுவாயின் குருமாருக்குத் தசமபாகம் எதற்கு? சொல்வதெல்லாம் உண்மையாயின் நீதிமன்றிற் சத்தியம் எதற்கு? மனிதரெல்லாரும் சமமாயின் பிரபுவின் முன் தொப்பியைக் கழற்றுவது எதற்கு?

இவற்றுள் ஒன்று தமிழ் வாசகருக்கு விளக்கமே வேண்டாதது. அக்கால ஆங்கிலத்திலும் உயர்ந்தோருக்கு ஒரு முன்னிலைச் சொல்லும் தாழ்ந்தோருக்கு வேறொரு முன்னிலைச் சொல்லும் வழங்கின. குவேக்கர் நீதிபதியையும் கூலியாளையும் ஒன்றாகவே ‘நீ’ என்றனர். இதற்காக அடிபட்டனர், சிறைப்பட்டனர். யார் யாரை ‘நீ’ என்னலாம், யார் யாரை ‘நயினார்’ என்ன வேண்டும் என்று வகுத்து வைத்திருந்த ஊர்களில் வளர்ந்த நாம், ஒரு சிறு சொல்லுக்கு இத்துணைக் கோபம் ஏன் மூண்டது என்று வியக்க மாட்டோம்.

ஆயின், நெஞ்சின் வழி நடப்பது எப்போதும் நேர்வழி நடப்பதாகுமா? இக்கேள்வி குவேக்கரைத் தொடக்கத்திலேயே எதிர்ப்பட்டது. 1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்னும் குவேக்கப் போதகர், இயேசு எருசலேமுக்குட் புகுந்த காட்சியை நினைவூட்டும் வகையிற் குதிரையேறிப் பிரிஸ்ரல் நகருக்குட் சென்றார்; அடியார்கள் துதிபாடி உடன் சென்றனர். பாராளுமன்றம் அவரைத் தெய்வநிந்தனை செய்தவராகத் தீர்த்தது. சவுக்கடி கொடுத்து, நெற்றியிற் சூடிட்டு, நாவைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் துளைத்தனர். தண்டனையின் கொடுமை அவ்வாட்சியின் இயல்பைக் காட்டியது. நெய்லரின் செயலோ தனிமனித நெஞ்சம் தன்னையே தெய்வமாகக் கொள்ளும் அபாயத்தைக் காட்டியது. அதன்பின் பொக்ஸ் சங்கத்தை மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என ஒழுங்குபடுத்தலானார். ஒருவர் நெஞ்சிற் பட்டதைப் பலர் கூடியிருந்து ஆராய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

நோக்கம் நல்லதே. எனினும், விதியை உடைத்துக்கொண்டு வெளிவந்த இயக்கம் ஐம்பது ஆண்டுகளுக்குள் தன்னைச் சுற்றி வேறு விதிகளைக் கட்டிக்கொண்டது. எத்தகைய உடை உடுத்த வேண்டும், எந்நிறம் ஆகாது, சங்கத்துக்கு வெளியே மணம் செய்தோரை என்ன செய்வது என்பனவெல்லாம் விசாரணைப் பொருள்களாயின. இயக்கத்தின் தாய் எனப் போற்றப்பட்ட மார்கரெட் பெல், எண்பது வயதைக் கடந்த நிலையில், 1700ஆம் ஆண்டில், இந்த உடைக் கட்டுப்பாடு நற்செய்தியைக் கேலிப்பொருளாக்கும் என்று எச்சரித்து எழுதினார். எச்சரிக்கை செவியேறவில்லை.

இங்கேதான் வரலாற்றின் முரண் தெளிவாகத் தெரிகிறது. சட்டையின் நிறத்துக்கு விதி செய்த சங்கத்திடம், மனிதனை விற்பதற்குத் தடைவிதி இருக்கவில்லை. 1671இல் பாபடோஸ் தீவுக்குச் சென்ற பொக்ஸ், அடிமைகளை அன்பாக நடத்தும்படி போதித்தார். அடிமைகளை நாம் கிளர்ச்சிக்குத் தூண்டுவதில்லை என்று ஆட்சியாளருக்கு உறுதியுங் கூறினார். அடிமைமுறையை ஒழிக்க அவர் கேட்கவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்தின் புகலிடமாகப் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் தாமே அடிமைகளை வைத்திருந்தார்.

எதிர்க்குரல் எழாமலில்லை. 1688இல் ஜேர்மன்ரவுனைச் சேர்ந்த நால்வர் அடிமைமுறையைக் கண்டித்து ஒரு விண்ணப்பம் எழுதினர். ‘உங்களை ஒருவர் இவ்வாறு விற்றால் நீங்கள் ஒப்புவீர்களா?’ என்பதே அதன் சாரம். அதைவிட ஒருபடி மேற்சென்று, அடிமைகள் விடுதலைக்காகப் போராடினால் அவ்வுரிமை அவர்களுக்கு இல்லையா என்றுங் கேட்டனர். மாதக் கூட்டம் இது தம்மால் தீர்க்கவியலாத பாரிய விடயமெனக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்லாது ஒதுக்கி வைத்தது. கோவைகள் மேசைக்கு மேசை நகர்வதைக் கண்டு பழகிய நமக்கு இச்செயல்முறை புதிதன்று.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1738இல் பேர்லிங்ரன் நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குப் பெஞ்சமின் லே என்பவர் வந்தார். நான்கடி அளவே உயரமான, கூனல் விழுந்த மனிதர். முன்னர்க் கப்பலோட்டியாக இருந்தவர். பாபடோசில் அடிமைகள் பட்ட பாட்டைக் கண்ணாற் கண்டவர். தமது மேலங்கியைக் களைந்தார். உள்ளே போர்வீரன் உடையும் வாளும் இருந்தன. வேத நூல்போலத் தோன்றிய ஒரு நூலை வாளாற் குத்தினார். அதனுள்ளே மறைத்து வைத்திருந்த பையிலிருந்து இரத்த நிறமான பழச்சாறு தெறித்து அயலில் இருந்தோரை நனைத்தது. அடிமை வைத்திருப்போர் செய்வது இத்தகைய கொலையே என்றார். அவரைத் தூக்கி வெளியே விட்டனர், சங்கத்திலிருந்தும் நீக்கினர்.

வூல்மனின் வழி வேறு. அவர் உரத்துப் பேசவில்லை. அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்கும் மரணசாதனங்களை எழுத மறுத்தார். 1746இலும் பின்னரும் தென்பகுதிக் குடியேற்ற நாடுகளுக்குப் பயணஞ் செய்து, அடிமை எசமானரின் வீடுகளிலேயே தங்கி, அவர்களோடு தனித்தனியே பேசினார். அவ்வீடுகளில் உண்ட உணவு அடிமைகளின் உழைப்பில் விளைந்ததாகையால், அவர்களுக்குச் சேரும்படி பணங் கொடுத்தார். கடை வியாபாரம் பெருகியபோது, பெருகும் செல்வம் கண்ணை மறைக்கும் என்றெண்ணி அதனைச் சுருக்கித் தையற்றொழிலோடு அமைந்தார். சாயமிட்ட துணியை நீக்கினார். 1754இல் அடிமைமுறை பற்றிய அவரது நூலின் முதற்பகுதி வெளியாயிற்று. 1772இல் இங்கிலாந்து சென்றபோது, விரைவு வண்டிகளை ஓட்டும் சிறுவர்களும் குதிரைகளும் படும் துன்பத்தைக் கேட்டறிந்து, வண்டியேறாது கால்நடையாகவே ஊரூராகச் சென்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் யோர்க் நகரிற் பெரியம்மை கண்டு இறந்தார்.

இவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சங்க அலுவல்களிலிருந்து விலக்குவதென்றும், அடிமை வைத்திருப்போரை நேரிற் சென்று கண்டு பேசுவதென்றும் தீர்மானித்தது. 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்போர் சங்கத்திலிருந்தே நீக்கப்படுவர் என்றாயிற்று. 1787இல் அடிமை வர்த்தகத்தை ஒழிக்க இலண்டனில் அமைந்த குழுவின் பன்னிரு அங்கத்தவரில் ஒன்பதின்மர் குவேக்கர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். நெஞ்சம் மட்டுமே இத்தனையையும் சாதித்ததா? அவ்வாறு கூறுவது வரலாற்றைக் கதையாக்குவதாகும். பென்சில்வேனியாவின் கோதுமை நிலங்கள் பெரும்பாலும் குடும்பத்தாரின் உழைப்பாலும் கூலியாட்களின் உழைப்பாலும் விளைந்தன. அங்கு அடிமையை விடுவித்தவர் சிலவற்றை இழந்தார், அனைத்தையும் இழக்கவில்லை. கரும்புத் தோட்டமே வாழ்வாயிருந்த பாபடோசில் குவேக்கரின் உள்ளொளி அவ்வாறு சுடர்விடவில்லை. மேலும், அடிமைகள் தாமே வாளாவிருக்கவில்லை. 1739இல் தென் கரோலினாவின் ஸ்ரோனோ ஆற்றங்கரையில் அவர்கள் ஆயுதமேந்தினர். 1791இல் தொடங்கிய எயிற்றிப் புரட்சியில் தம் விடுதலையைத் தாமே வென்றெடுத்தனர். எசமானின் நெஞ்சு உருகும்வரை காத்திருந்து விடுதலை பெற்றவர் உலகில் மிகச் சிலர்.

அப்படியாயின் நெஞ்சுக்கு வரலாற்றில் இடமில்லையா? உண்டு. பொருளியல் நிலைமை கதவைத் திறந்துவிடலாம். அக்கதவின் வழியே நடந்துசெல்ல மனிதர் வேண்டும். லேயும் வூல்மனும் முதலில் நடந்தவர்கள். அடிமை எசமானருந்தாம் தம் நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்றனர். எந்த நெஞ்சை நம்புவது? வூல்மனின் வாழ்க்கையே விடை தருகிறது. தனக்கு இலாபம் தரும்போது மட்டும் பேசும் நெஞ்சு ஆசையின் மறுபெயர். தனக்கு நட்டம் வரும்போதும் பிறன் துயரைப் பேசும் நெஞ்சே மனச்சாட்சி. அதனைப் பலர் கூடி ஏற்றுப் பொதுவிதி ஆக்கும்போதே அது சமுதாய சக்தியாகிறது. 1758இன் தீர்மானமும் 1776இன் தீர்மானமும் விதிகளே. ஆனால் அவை நெஞ்சத்திலிருந்து பிறந்த விதிகள். நாம் வெறுக்க வேண்டியது விதியை அன்று. நெஞ்சம் செத்தபின்னும் நடமாடும் விதியையே.

அடிமைமுறை எம்மண்ணிலும் எழுதப்பட்ட சட்டமாக இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளையும் சொத்துக்களோடு சேர்த்தே பேசிற்று. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின்னும் கோயில் வாசல் திறக்கவில்லை. பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சம ஆசன ஏற்பாடு வந்தபோது, கற்றோருள்ளும் பலர் அதனை எதிர்த்தனர்.

வாங்கு என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. அடிமைமுறையைத் தம்மிடையே ஒழித்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னரும், பிலடெல்பியாக் குவேக்கரின் வழிபாட்டு மண்டபத்திற் கறுப்பினத்தவர்க்கென ஒரு தனி வாங்கு இருந்தது. அதில் தன் தாயோடு அமர்ந்தவர்களுள் ஒருவர் சாரா மாப்ஸ் டக்ளஸ் என்னும் ஆசிரியை. கறுப்பினச் சிறுமியருக்குப் பாடசாலை நடத்தியவர். உள்ளொளி எல்லாருக்கும் பொது என்று போதித்த மண்டபத்தில், வெள்ளையர் எவரும் தம்மருகே வந்தமராதபடி காக்கப்பட்ட அவ்வாங்கைப் பற்றி அவர் பின்னர் எழுதிவைத்தார். அவர் எழுதியிராவிட்டால், சங்கத்தின் பெருமை மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் நாளாந்தம் எத்தனையோ பத்திரங்களில் ஒப்பமிடுகிறோம். இடாப்பிற் பெயர் எழுதுகிறோம். பிள்ளைகளை வாங்குகளில் இருத்துகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. விதிப்படியே செய்தோம் என்ற நிம்மதியோடு மாலையில் வீடு திரும்புகிறோம். மவுண்ட் ஹொலிக் கடையில் முதலாவது உறுதியை எழுதிய இளைஞரும் விதிப்படியே செய்தார். அந்த நிம்மதி தமக்குப் போதாது என்று அவர் உணர்ந்ததனாலேயே அவர் பெயரை இன்று நினைவுகூர்கிறோம். அன்று விற்கப்பட்ட பெண்ணின் பெயரையோ அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைக்கவில்லை. நாம் ஒப்பமிடும் தாள்களின் மறுபுறத்தில் பெயரின்றி நிற்பவர் யார் என்று பேனாவை எடுக்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.