பரங்கிமலைப் பீரங்கியும் பருவக்காற்றும்: கோல்டிங்ஹாமின் ஒலிவேக அட்டவணை குறித்து ஒரு மறுவாசிப்பு

நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1820, 1821 ஆம் ஆண்டுகளில், பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் சுட்ட பீரங்கிகளின் ஒலி வந்தடையும் நேரத்தைக் கொண்டு எடுத்த ஒலிவேக அளவீடுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. அவற்றுள் வழக்குக்குரியது மாதச் சராசரி அட்டவணையே. டிசம்பரில் விநாடிக்கு 1,099 அடி. ஜூலையில் 1,164 அடி. இடைவெளி 65 அடி. இரு மாத வெப்பநிலைகளும் முறையே 79.4, 86.7 பாரன்ஹீட் பாகை. இந்த வேறுபாட்டைக் கொண்டு விளக்கக்கூடியது ஏறத்தாழ 8 அடிதான். மிச்சம் 57 அடி யார் கணக்கில் சேரும்?

ஈரப்பதத்தின் கணக்கில் என்பது ஒரு சாரார் விடை. நீராவி உலர்காற்றைவிட லேசானது. எனவே ஈரக்காற்றில் ஒலி விரையும். அட்டவணையில் ஈரமானியின் எண் உயர உயர வேகமும் உயர்கிறது. கோட்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்கின்றனர். இவ்வாசிப்பு தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஈரமானி டிசம்பரில் சுமார் 1.4, ஜூலையில் சுமார் 27.9 பாகை காட்டுகிறது. பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓராண்டு குடியிருந்தவர் இவ்வெண்களை ஈரத்தின் ஏற்றமாகப் படிக்கமாட்டார். ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீசும். கொடியில் போட்ட துணி சடுதியில் காயும். கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவம் காற்றையே நனைத்திருக்கும். ஆகவே அந்த அளவுகோல் ஏறுவது உலர்வை நோக்கி. அப்படியானால் காற்று உலர உலர ஒலி விரைகிறது என்றே அட்டவணை சொல்கிறது. இது இயற்பியலுக்கு நேர்மாறு. அளவும் பொருந்தவில்லை. இவ்வூர் வெப்பத்தில் முற்றிலும் உலர்ந்த காற்றுக்கும் நீராவி நிறைந்த காற்றுக்கும் ஒலிவேகத்தில் உள்ள வேறுபாடே 10 அடியை எட்டாது.

கோல்டிங்ஹாம் வகுத்த விதிகளையும் இந்த வெளிச்சத்தில் காண வேண்டும். வெப்பமானியின் ஒரு பாகைக்கு 1.2 அடி, ஈரமானியின் ஒரு பாகைக்கு 1.4 அடி, பாரமானியின் அங்குலத்தில் பத்திலொரு பங்குக்கு 9.2 அடி. டிசம்பர், ஜூலை எண்களை இட்டால் முறையே 9, 37, 16 அடி, கூட்டினால் 62. கண்ட இடைவெளி 65. இந்தப் பொருத்தமே ஐயத்துக்குரியது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் மட்டும் ஒலியின் வேகத்தை மாற்றுவதில்லை. அடர்த்தியும் உடன் மாறி அதை ஈடுகட்டிவிடும். வேலை செய்யாத அழுத்தத்துக்கு 16 அடியும், எதிர்த்திசையில் வேலை செய்யும் ஈரத்துக்கு 37 அடியும் எப்படி வந்தன? மூன்று கருவிகளும் சேர்ந்து ஒரே பருவத்தைக் காட்டியதால் வந்தன. ஜூலையில் வெப்பம் கூடும், அழுத்தம் தாழும், காற்று உலரும். அவற்றோடு காற்றின் திசையும் மாறும். அட்டவணையில் அதற்கு மட்டும் நிரல் இல்லை.

பரங்கிமலை வானாய்வகத்துக்குத் தென்மேற்கே 29,547 அடி தொலைவில் இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் ஒலி காற்றோடு வரும். வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்து வரும். காற்று துணைநிற்பதற்கும் எதிர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 21¼ அடி என்று கோல்டிங்ஹாமே மதிப்பிட்டிருக்கிறார். வெப்பத்தின் 8 அடியோடு சேர்த்தால் 29. எஞ்சிய 36 அடி, பரங்கிமலைத் தொலைவில் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைந்த தாமதம். எதிர்காற்று ஒலியை மேல்நோக்கி வளைத்து மெலியச் செய்யும். மெலிந்த ஒலியைச் செவி பிந்தியே உணரும். இப்பகுதியைக் கருதுகோளாகவே முன்வைக்கிறேன். எனினும் ஈரப்பத விளக்கத்தைப் போல இது அறிந்த விதி எதற்கும் முரணாகவில்லை.

13,932 அடி தொலைவிலிருந்த ஜார்ஜ் கோட்டைப் பீரங்கி காற்றின் விளைவைச் சமன் செய்திருக்குமே என்பர். கோட்டை கிழக்கே இருந்தது. இரு பீரங்கிகளும் ஒரே கோட்டின் இரு முனைகளில் இல்லை. சமன் முழுமையாகாது. தொலைவுகளில் பிழை என்பது பொருட்படுத்தத்தக்கதன்று. நில அளவைப் பள்ளியை நடத்தியவரின் அளவுகள் அவை. கடிகாரங்களைக் குறை சொல்வோருக்கும் ஒரு வரி போதும்: கருவிப் பிழை பஞ்சாங்கம் பார்த்து மாதந்தோறும் சீராக ஏறி இறங்காது.

1822இல் பாரிசுக்கு அருகே வில்ஜுயிஃப், மோன்லேரி ஆகிய இரு முனைகளிலிருந்தும் மாறிமாறிச் சுட்டுக் காற்றின் விளைவை நீக்க முயன்றனர். அம்முறையோடு ஒப்பிட்டுச் சென்னை முயற்சியைத் தோல்வி என்பதும் மிகை. ஒலியின் மாறிலிகளாக அவருடைய மூன்று விதிகளையும் இனி எடுத்தாளக் கூடாது. அட்டவணையையோ தள்ளிவிட முடியாது. பருவக்காற்று ஒலியின் மேல் செலுத்தும் விசையை ஓராண்டு முழுதும் எண்களில் பதிந்த ஆவணம் அது. ஈரப்பதமே காரணம் என்று இன்னும் சாதிப்போர் பரங்கிமலை, கோட்டை அளவீடுகளைத் தனித்தனியே பிரித்து, இரண்டும் ஒரே திசையில் ஏறி இறங்குவதைக் காட்டட்டும்; நிறுவும் பொறுப்பு இப்போது அவர்களுடையது.