கயிற்றுக்குள் ஒரு தெரு

மத்ரஸாவில் ஃபிக்ஹு நூல்களை ஓதிய காலத்தில் ‘ஹஜ்ரு’ என்னும் பாடம் எனக்கு மிக எளிதாகத் தோன்றியது. ஒருவன் தன் பொருளைத் தன் விருப்பம்போல் கையாள விடாது தடுத்து வைத்தலே ஹஜ்ரு ஆகும். எங்கள் உஸ்தாது அதனை இரண்டாக வகுத்துச் சொல்லுவார். சிறுவன், சித்தம் பேதலித்தவன், ஊதாரி ஆகிய மூவர் மீதும் விழும் தடை அவரவர் நன்மைக்கே உரியது. கடன்பட்டு நொடித்தவன் மீது விழும் தடை கடன் கொடுத்தோரின் நன்மைக்காகவும், மரணப் படுக்கையில் கிடப்பவன் மீது விழும் தடை அவன் வாரிசுகளின் நன்மைக்காகவும் ஆகும். தடுக்கிறவன், தான் யாருடைய நன்மைக்காகத் தடுக்கிறான் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும் என்று அவர் எங்களை விடாது கேட்டுப் பழக்குவார்.

பல ஆண்டுகள் சென்றபின், நோய்க்காக மக்களை ஒதுக்கி வைப்பதற்கு அரபுப் பத்திரிகைகள் ‘அல்ஹஜ்ருஸ் ஸிஹ்ஹீ’ என்று எழுதுவதைக் கண்டபோது, அந்தப் பழைய பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. தொற்றுக் கண்ட ஊருக்குள் புகுவது பற்றியும், அவ்வூரை விட்டு வெளியேறுவது பற்றியும் உள்ள நபிமொழியை நம் வாசகர்கள் நன்கு அறிவர். அதனை ஈண்டு விரிக்கப் புகவில்லை. பெரும் துறைமுக நகரம் ஒன்றின் சுகாதார வாரியம் இந்த ஹஜ்ரை எப்படிக் கையாண்டது, அதனால் விளைந்தது யாது என்பதையே சொல்ல விழைகிறேன்.

1900-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில், சீனர்கள் வாழ்ந்த பகுதியின் மலிவான விடுதி ஒன்றின் நிலவறையில் சீனத் தொழிலாளி ஒருவர் இறந்து கிடந்தார். பிணத்தைச் சோதித்த நகர மருத்துவர் நெறிகட்டியிருப்பதைக் கண்டு ஐயுற்றார். ஆங்காங்கையும் பம்பாயையும் சூறையாடிய பிளேக், கப்பலேறி இங்கும் வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. நெறியிலிருந்து எடுத்த நீர், விரிகுடாத் தீவொன்றிலிருந்த நடுவண் அரசின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்த டாக்டர் ஜோசப் கின்யூன் அதனைக் குரங்கு, எலி முதலிய பிராணிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார். சில நாள்களில் அவை மாண்டன. வந்தது பிளேக்தான்.

ஆனால் சுகாதார வாரியம் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடியுமுன்பே சீனர் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டுக் காவலர் நிறுத்தப்பட்டனர். உள்ளே இருந்த வெள்ளையர் வெளியே அனுப்பப்பட்டனர். சீனர் எவரும் வெளியே வரலாகாது என்றாயிற்று. நகரத்தின் செல்வர் வீடுகளில் சமையல் செய்தவர்களும், துணி வெளுத்தவர்களும், இரவில் வீடு திரும்பி உறங்கியதொன்றே குற்றமாகக் கயிற்றுக்குள் அகப்பட்டனர். எதிர்ப்பு வலுக்கவே, இரண்டு மூன்று நாள்களில் அந்தக் கயிறு அவிழ்க்கப்பட்டது.

சீனர்களின் அச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரில், பிளேக் கண்ட வீடுகளைக் கொளுத்தி அழிக்குமாறு அங்குள்ள சுகாதார வாரியம் ஆணையிட்டிருந்தது. காற்று மாறி வீச, தீ கைமீறிப் பரவிச் சீனர் பகுதி முழுவதையும் சாம்பலாக்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீடிழந்தனர்.

மே மாதத்தில் வாரியம் மற்றொரு வழியை நாடியது. டாக்டர் ஹாஃப்கின் 1897-இல் பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாத எந்தச் சீனரும் நகரைவிட்டு வெளியூர் செல்லக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அந்த ஊசியின் கதையில் நம் நாட்டுப் பக்கம் ஒன்றுண்டு. பம்பாயில் மக்கள் அதற்கு அஞ்சி ஒதுங்கியபோது, இருபது வயதும் நிரம்பாத ஆகாகான் மூன்றாமவர், பலரும் காணத் தம் உடலில் அதனைக் குத்திக்கொண்டார். அவரைப் பின்பற்றியோர் பலர் அதன்பின் முன்வந்தனர். சான் பிரான்சிஸ்கோவிலோ, சீனரிடம் நன்மதிப்புப் பெற்ற எவரையும் முன்னிறுத்த வாரியம் முயன்றதாகத் தெரியவில்லை. ஆணை ஒன்றே போதும் என்று கருதினர் போலும். மிகச் சிலரே கை நீட்டினர்.

சீன வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மே 28-ஆம் நாள் நீதிபதி வில்லியம் மாரோ அந்த ஆணையைச் செல்லாததாக்கினார். சீனருக்கு மற்றவரைக் காட்டிலும் பிளேக் எளிதில் தொற்றும் என்பதற்கு எந்தச் சான்றும் காட்டப்படவில்லை. அப்படியிருக்க, ஓர் இனத்தார் மீது மட்டும் ஊசியைச் சுமத்துவது சட்டத்தின் சமப் பாதுகாப்பைப் பறிப்பதாகும் என்றார். நோய்க்கு ஆட்படுமுன் போடவேண்டிய ஊசியை, ஏற்கெனவே ஆட்பட்டிருக்கக் கூடியவர்க்குப் போடுவது தீங்காகலாம் என்ற மருத்துவக் கருத்தும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

தோற்ற வாரியம் மறுநாளே மீண்டும் கயிற்றைக் கையிலெடுத்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு மனைத்தொகுதிகள் வளைக்கப்பட்டன; உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகப்பட்டனர். எல்லைக்கோடு நேராக ஓடவில்லை. வெள்ளையரின் கட்டடம் வருமிடத்தில் அது வளைந்து ஒதுங்கிற்று. பிழைப்பு நின்றது, உணவுப் பண்டங்களின் விலை ஏறிற்று. ஸ்டாக்டன் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஜூ ஹோ என்னும் சீனர் மீண்டும் அதே நீதிபதியிடம் சென்றார். ஜூன் 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதனை நான் ஒரு ஃபிக்ஹு மாணவனின் கண்கொண்டே படித்தேன்.

நீதிபதி இரண்டு குறைகளைக் கண்டார். நோயுற்ற வீட்டைத் தனியே பிரித்து வைத்தால் தொற்று அடங்கும். பத்தாயிரம் பேரை ஒரே வளையத்துக்குள் அடைத்து, அவர்கள் உள்ளே தாராளமாகக் கலந்து பழகவும் விட்டால், தொற்று பெருகவே வழி பிறக்கும். ஆகவே இத்தடை அது சொல்லிக்கொண்ட நோக்கத்துக்கே பகையானது. இது முதற் குறை. எல்லைக்குள் இருந்த பிற இனத்தாரை விட்டுவிட்டுச் சீனரை மட்டுமே அது பிடித்தது என்பது இரண்டாம் குறை. தடை நீக்கப்பட்டது. உஸ்தாதின் கேள்விக்கு அந்த வாரியத்திடம் விடை இல்லை. அது சீனரின் நன்மைக்கானது எனில், நோயாளியோடு நலமுற்றோரைச் சேர்த்து அடைத்ததேன்? நகரத்தாரின் நன்மைக்கானது எனில், கோடு வெள்ளையரின் கடையைக் கண்டு வளைந்ததேன்?

இதிலிருந்து, உடல்நலத்துக்காகக் குடிமக்களைக் கட்டுப்படுத்தும் உரிமையே வாரியங்களுக்கு இல்லையென்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கூறிவிட்டதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். கீழைக் கரையில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது, 1902 பிப்ரவரி 27-ஆம் நாள், ஐந்தாண்டுக்குள் அம்மை குத்திக்கொள்ளாதவர் அனைவரும் குத்திக்கொள்ள வேண்டுமென அந்நகரச் சுகாதார வாரியம் விதித்தது. மறுத்தால் அபராதம் 5 டாலர். சுவீடனிலிருந்து குடியேறிய ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற கிறித்தவப் போதகர், இளமையில் அம்மை குத்தியதால் தாம் பட்ட துன்பத்தைச் சொல்லி மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1905 பிப்ரவரி 20-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் வாரியத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். எனினும், தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹார்லன், இவ்வதிகாரம் மனம்போன போக்கில் கையாளப்பட்டால் நீதிமன்றம் தலையிடும் என்றும், ஊசியால் தன் உடலுக்குக் கேடு நேரும் என்று மெய்ப்பிக்கக் கூடியவனை வற்புறுத்துவது கொடுமையாகும் என்றும் வரம்பு கட்டினார். கேம்பிரிட்ஜ் விதியில் ஓரினத்தின் பெயரோ ஒரு தெருவின் பெயரோ கிடையாது. மேயரும் போதகரும் சலவைத் தொழிலாளியும் அதற்குள் ஒருங்கே அடங்கினர்.

மீண்டும் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். இக்கதையில் என்னை மிகவும் வருத்துவது எதுவென்றால், அந்த வாரியம் நோயைப் பற்றிச் சொன்னது முழு உண்மை என்பதே. நீதிபதி மாரோவே, நகரில் பிளேக் இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று எழுதினார். அதில் அவர் தவறினார். வணிகம் கெடுமென்று அஞ்சிய மாநில ஆளுநர் ஹென்றி கேஜ், பிளேக் என்பதே கட்டுக்கதை என்று சாதித்தார். 1901-இல் நடுவண் அரசு அனுப்பிய மூன்று அறிஞர்கள் பிளேக்கை உறுதிப்படுத்தியும், அவர்களது அறிக்கையை மறைக்க முயற்சி நடந்தது. கின்யூன் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். உண்மையைச் சொன்ன வாரியத்தாரையே பதவி நீக்க ஒரு மேயர் முனைந்தார். உண்மையும் அறிவியலும் அவர்கள் பக்கம் இருந்தன. ஆனால் எந்த மக்களிடையே நோய் இருந்ததோ, அந்த மக்களின் நம்பிக்கை அவர்கள் பக்கம் இல்லை. கயிற்றைக் கண்டவர்கள் நோயாளிகளை மறைத்தனர், பிணத்தையும் மறைத்தனர். 1900 முதல் 1904 வரை கண்டறியப்பட்ட 121 நோயாளிகளில் ஒரு சிலர் தவிர அனைவருமே மாண்டவர்கள். நோய் அத்துணைக் கொடியது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. உயிரோடிருந்த நோயாளி பெரும்பாலும் வாரியத்தின் கண்ணில் பட்டதே இல்லை.

கின்யூனுக்குப் பின் வந்த நடுவண் மருத்துவர் ரூபர்ட் புளூ, சீனர் பகுதியின் ஓரத்திலேயே அலுவலகம் அமைத்தார். சீன மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். நிலவறைகளின் அழுகிய மரத்தரைகள் பெயர்க்கப்பட்டுச் சிமெண்டு போடப்பட்டது. எலிகளுக்கு நஞ்சு வைக்கப்பட்டது. எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியே பிளேக் மனிதனை அடைகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898-இலேயே, நம் துணைக்கண்டத்தில் செய்த ஆய்வுகளைக் கொண்டு எழுதியிருந்தும், உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. எலிக்குக் கயிறு ஒரு பொருட்டா? 1904-இல் நோய் அடங்கிற்று.

1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் பெருந்தீயும் அந்நகரை அழித்தன. சீனர் பகுதியும் மண்ணோடு மண்ணாயிற்று. மறு ஆண்டு பிளேக் திரும்பி வந்தது. இம்முறை முதல் நோயாளி ஒரு மாலுமி. நோயுற்ற 160 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். மீண்டும் அழைக்கப்பட்ட புளூ எந்தத் தெருவையும் வளைக்கவில்லை. நகரத்தையே பகுதி பகுதியாகப் பிரித்து எலிப்பொறி வைத்தார். பிடித்த எலிகளை ஆய்வுக்கூடத்தில் அறுத்துச் சோதித்து, எந்தத் தெரு எலியில் நோய் உளது என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளில் எலி பிடிபட்ட இடம் எழுதப்பட்டது. அங்கு வாழ்ந்தவர் எந்த இனத்தவர் என்று கேட்கத் தேவையே எழவில்லை.