குளிசையின் விலையும் எழுபதுகளின் கணக்கும்

கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊருக்குச் சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. அது பாதி உண்மை. டொக்டரைப் பார்க்கலாம், ஆசுபத்திரியில் கிடக்கலாம், சத்திரசிகிச்சையும் செய்துகொள்ளலாம்; வாசலில் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் டொக்டர் எழுதித் தந்த துண்டோடு பக்கத்து மருந்துக்கடைக்குள் நுழைந்தால் வேறொரு நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். அங்கே உங்கள் வேலைத்தளம் எது, அது காப்புறுதி தருகிறதா என்பதுதான் முதற் கேள்வி. ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகிற என்போன்றவர்களுக்கு அப்படியொரு காப்புறுதி இல்லை. மனைவிக்கு நீரிழிவு, எனக்கு இரத்த அழுத்தம். யாழ்ப்பாணத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தவன் ஸ்காபரோவில் போத்தல் மூடிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறான் என்பது புதினமல்ல. இந்த இதழை வாசிப்பவர்களிற் பலருக்கும் அதே கதைதான். அந்தப் பழைய பாடம் மருந்துத் துண்டைப் பார்க்கும்போது உதவிக்கு வருகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மருந்து ஏன் இலவசத்துக்கு வெளியே நின்றது? அது மறதியினால் நேர்ந்ததல்ல. 1962இல் சஸ்கச்சுவான் மாகாணம் வைத்தியக் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது அங்குள்ள மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் பிழைத்துக்கொண்டது. அதன்பின் நீதியரசர் எமற் ஹோல் தலைமையிலான ஆணைக்குழு 1964இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாடெங்கும் வைத்தியச் சேவை வேண்டும் என்ற அதன் பரிந்துரை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மருந்துத் துண்டுக்கும் நோயாளி ஒரு டொலர் கொடுக்க, மிகுதியை அரசு ஏற்கவேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்லியது. 1966இல் நிறைவேறிய சட்டம் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. ஒன்ராறியோ 1969 ஒக்ரோபரில் அத்திட்டத்திற் சேர்ந்தது. விடுபட்டது விடுபட்டதாகவே இருந்தது.

ஆனால் அதே 1969இல் கனடா இன்னொரு காரியம் செய்தது. அது நம்மவரிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு மருந்துக்குக் காப்புரிமை வைத்திருக்கும் கம்பனி விரும்பினாலென்ன விரும்பாவிட்டாலென்ன, அம்மருந்தை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்க வேறொருவருக்கு அரசு அனுமதி கொடுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. இதைக் கட்டாய உரிமம் என்பார்கள். காப்புரிமைக்காரருக்கு வழமையாக நூற்றுக்கு நான்கு வீதம் கொடுத்தாற் போதும். ரொறன்ரோவில் நோவோபார்ம், அப்போரெக்ஸ் போன்ற உள்ளூர்க் கம்பனிகள் வளர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலிலேதான். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஹரி ஈஸ்ற்மன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1985இல் கணக்குப் பார்த்தது. 1983ஆம் ஆண்டில் மட்டும் கனடிய மக்களுக்கு இதனால் மிச்சமான தொகை 211 மில்லியன் டொலர் என்று அது மதிப்பிட்டது. பல்தேசியக் கம்பனிகள் இதனால் நொடித்துப்போகவில்லை என்பதும் அதன் முடிவு. இருந்தும் மல்ரோனி அரசு 1987இல் அச்சட்டத்தை நெரித்தது. 1993இல் கட்டாய உரிமத்தை முற்றாகவே நீக்கியது. வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கை அதற்கு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

இதே நகரில்தான் 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டது என்பதையும் இங்கே நினைக்கவேண்டியிருக்கிறது. பன்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதை உற்பத்தி செய்த கொனோற் ஆய்வுகூடம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. 1972இல் அதை விற்றுவிட்டார்கள்.

இனி இலங்கைக்கு வருவோம். கனடாவின் சட்டத்துக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1971இல், இதைவிடத் துணிச்சலான ஒன்று கொழும்பில் நடந்தது. பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலேயும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தர்க்கம் மிக எளிமையானது. ஒரே இரசாயனப் பொருளைப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயரில் விற்கின்றன, பெயருக்குத்தான் விலை. மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் அந்நியச் செலாவணி மிஞ்சும். நோயாளியின் மடியும் காயாது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாண்டே உருவானது. பிபிலே அதன் தலைவரானார். தனியார் துறையில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. சந்தைப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் எழுதும்படி வைத்தியர்கள் கேட்கப்பட்டார்கள்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. மலிவு மருந்து மட்டமான மருந்து என்ற பிரசாரம் கிளம்பியது. தனியார் மருத்துவர்களில் ஒரு பகுதியினர் அதற்குக் குரல் கொடுத்தார்கள். 1974இல் கொலரா பரவியபோது நடந்ததை பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்தெழுதி 1977இல் வெளியான கட்டுரையில் காணலாம். கூட்டுத்தாபனம் வேறிடத்தில் தருவித்த ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் குளிசைக் கூடுகளில் அடைத்துத் தரும்படி கேட்டபோது, அதற்குரிய ஆலையைக் கொழும்பில் வைத்திருந்த ஃபைஸர் மறுத்துவிட்டது. அந்த ஆலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார். ஆலை கைமாறவில்லை.

இங்கேதான் நமக்கு இடைஞ்சல் தொடங்குகிறது. இதைச் செய்தது எந்த அரசு? 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசு அது. 1972 மே 22இல் சிறுபான்மையினருக்கிருந்த பெயரளவிலான பாதுகாப்பையும் எடுத்தெறிந்த யாப்பைத் தந்ததும் அதே அரசுதான். அந்த யாப்பை வரைந்த கொல்வின் ஆர். டி சில்வா, நிதியமைச்சர் என். எம். பெரேரா, மருந்துக்காகப் போராடிய பிபிலே ஆகிய மூவரும் ஒரே கட்சிக்காரர், மூவரும் சமசமாஜிகள். போதாததற்கு, வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறையை 1971இல் கொண்டுவந்ததும் இவர்கள்தான். 1977இல் அது நீக்கப்பட்டது.

நமது விவாதங்களில் எழுபதுகள் என்றால் தரப்படுத்தலும் யாப்பும்தான். அது சரியே; ஒரு தலைமுறையின் வாழ்வையே அவை திருப்பிப்போட்டன. ஆனால் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் செய்த வடபகுதிக் கமக்காரர் தலைநிமிர்ந்ததை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மருந்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் அம்பாந்தோட்டைத் தாய்க்கும் ஒரே விலையில் குளிசை கிடைக்கச்செய்த கொள்கை அது. எதிரியின் பேரேட்டில் வரவுப் பக்கமும் இருந்தது என்று எழுதினால் பற்றுப் பக்கம் அழிந்துவிடாது. வங்காளதேசத்தில் 1982இல் இதைப்போன்ற மருந்துக் கொள்கையை அறிவித்தது எர்ஷாத்தின் இராணுவ ஆட்சி. அதற்காக அந்த ஆட்சியைச் சனநாயகம் என்று யாரும் சொல்லவில்லை. கொள்கை தவறென்றும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்த இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்ல வாய் வருவதில்லை?

1977இல் ஜயவர்த்தனா அரசு சந்தையைத் திறந்துவிட்டது. கூட்டுத்தாபனம் இருந்தது, அதன் ஏகபோக இறக்குமதி போயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில், கரிபிய நாடுகளுக்கு இதே விடயத்தில் ஆலோசகராகச் சென்றிருந்த பிபிலே கயானாவில் காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இலங்கையில் மருந்தை ஒழுங்குபடுத்தும் புதிய சட்டம் 2015இல்தான் வந்தது.

இங்கே நமக்கு எஞ்சியிருப்பது துண்டுதுண்டான ஏற்பாடுகள். ஒன்ராறியோவில் 1995 முதல் ட்ரிலியம் என்றொரு திட்டம் உண்டு: குடும்பத்தின் நிகர வருமானத்தில் சுமார் நான்கு வீதத்துக்கு மேல் மருந்துக்குச் செலவானால், பட்டியலிலுள்ள மருந்துகளின் மிகுதிச் செலவை மாகாணம் ஏற்கிறது. என் வேலைத்தளத்தில் விசாரித்தேன், அரைவாசிப் பேருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. மருந்தைக் கட்டிக் கொடுப்பதற்கான கூலியும் கடைக்குக் கடை வேறு; அதை எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது விதி. நாட்பட்ட நோய்க்கு மூன்று மாதக் குளிசையை ஒரேயடியாக எழுதுவித்தால் அந்தக் கூலியை மும்முறை கொடுக்கத் தேவையில்லை. பொதுப்பெயர் மருந்தையே தரும்படி கேட்கவும் வேண்டும். இதைச் சொன்னால் படித்தவர்களே முகம் சுளிக்கிறார்கள்: கம்பனி மருந்துதான் கேட்குமாம். 1972இல் கொழும்பில் அவிழ்த்துவிட்ட பிரசாரம் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது பாருங்கள்!

2024 ஒக்ரோபரில் கனடிய நாடாளுமன்றம் மருந்துக் காப்பீட்டுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஹோல் அறிக்கைக்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகு! தொடக்கத்தில் நீரிழிவு மருந்துகளும் கருத்தடைச் சாதனங்களும் மட்டும். 2025 மார்ச் வரையில் மூன்று மாகாணங்களும் ஒரு பிரதேசமும் ஒப்பமிட்டிருந்தன. ஒன்ராறியோ அவற்றில் இல்லை.

பிபிலேயின் கொள்கை தென்னிலங்கையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. வடக்கில் எப்படி என்று நானறிய எவரும் எழுதவில்லை. 1971க்கும் 1977க்கும் இடையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வவுனியாவிலும் மருந்துக்கடை நடத்தியவர்கள், அப்போதிக்கரிகளாக இருந்தவர்கள் சிலர் இன்று இந்த நகரத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். எண்பதைத் தொட்டவர்கள். எந்தக் குளிசை என்ன விலைக்கு விற்றது, எது தட்டுப்பட்டது, சனம் அதை நம்பி வாங்கியதா என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். நான் மூவரோடு பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் இன்னும் பழைய விலைப்பட்டியலொன்றை வைத்திருக்கிறார்.