வளரிளம் பருவத்தினருக்கான இரகசியம் காக்கும் மருத்துவம்: சென்னை வரலாறு

பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் வளரிளம் பருவத்தினர் எனப்படுகின்றனர். மாதவிடாய்ச் சிக்கல், பால்வினை நோய், கருத்தடை, கர்ப்பம், கருக்கலைப்பு ஆகியவற்றுக்காக இவர்கள் மருத்துவரை நாடும்போது, அவர்கள் சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது இரகசியம் காக்கும் மருத்துவம் ஆகும். சென்னையில் இதன் வரலாறு ஒன்றரை நூற்றாண்டைத் தொடுகிறது. இரகசியம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும் இடத்துக்கு நோயாளி வருவதில்லை என்பதே அவ்வரலாறு காட்டும் செய்தி.

லாக் ஆஸ்பத்திரியும் கோஷா ஆஸ்பத்திரியும்

பிரித்தானிய இந்திய அரசு 1868-இல் தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காப்பதே அதன் நோக்கம். பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்கள் பெயரைப் பதிந்து, குறிப்பிட்ட நாட்களில் சோதனைக்கு வர வேண்டும். நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். சிகிச்சையும் காவலும் ஒன்றாக இருந்ததால் பெண்கள் பதிவிலிருந்து தப்பவே முயன்றனர். கடும் எதிர்ப்புக்குப் பின் 1888-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் பெண் மாணவிகளுள் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையாக உள்ள அது, 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே மக்கள் வாயில் வழங்குகிறது. திரைக்கு மதிப்புக் கொடுத்ததும் பெண்கள் சிகிச்சைக்கு வந்தனர். ஆனால் அந்தத் திரை பெண்ணை அந்நியர் கண்ணிலிருந்துதான் மறைத்தது. தாய்க்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு சிறுமி மருத்துவரிடம் பேசுவது அன்று யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று.

வயது வரம்பு உயர்ந்த வரலாறு

அன்று பதின்பருவம் பெரும்பாலும் திருமணத்துக்குள்ளேயே கழிந்தது. உடலுறவுக்கு இசைவு தரும் வயதை 1860-இன் தண்டனைச் சட்டம் 10 என வைத்தது. அது 1891-இல் 12 ஆகவும், 1925-இல் 14 ஆகவும், பின்னர் 16 ஆகவும் உயர்ந்தது. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது. சென்னை சட்டமன்றத்தில் இடம்பெற்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, குழந்தைத் திருமணத்துக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். சிறுமிகளைப் பிரசவத்தின் ஆபத்திலிருந்து காப்பதே இந்தச் சீர்திருத்தங்களின் நோக்கம். வயது உயர உயர, திருமணத்துக்கு முந்தைய பதின்பருவம் நீண்டது. அப்பருவத்தினரின் தேவைகளுக்கான மருத்துவமோ உடன் வளரவில்லை.

கருக்கலைப்புச் சட்டம், 1971

மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பாதுகாவலரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை என அது விதித்தது. அந்தப் பெண்ணைப் பராமரிப்பவரே பாதுகாவலர் என்று சட்டம் வரையறுப்பதால், அவர் தாயாகவோ தந்தையாகவோ மட்டுமே இருக்க வேண்டியதில்லை. வளர்க்கும் பாட்டியோ சித்தியோ கூட ஆகலாம். இதற்கான 1975 ஒழுங்குமுறைகள், சேர்க்கைப் பதிவேட்டை இரகசிய ஆவணமாக வைக்கச் சொல்லின. பின்னர் 2021 திருத்தம், பெண்ணின் பெயரை வெளியிடுவோருக்கு ஓராண்டு வரை சிறை என விதித்தது. சட்டம் அதிகாரம் அளித்தவரிடம் மட்டுமே தெரிவிக்கலாம்.

எச்.ஐ.வி. கற்பித்தது

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. நோயைவிட அதன் மீதான இழிவுணர்வே பலரை மருத்துவமனையிலிருந்து விரட்டியது. இதைக் கண்ட சாலமன், 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். பின்னர் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் ஆலோசனை, பரிசோதனை மையங்கள் வந்தன. தனி அறையில் பேச்சு, ஒப்புதல் பெற்ற பின் சோதனை, முடிவு வெளியே போகாது என்ற உறுதி ஆகியன அங்கு வழக்கமாயின. எச்.ஐ.வி. சட்டம் (2017) இவற்றைச் சட்டக் கடமையாக்கியது.

கெய்ரோவிலிருந்து வந்த கொள்கை

உலக அளவிலும் பார்வை மாறி வந்தது. போதிய அறிவும் புரிதலும் உள்ள பதினாறு வயதுக்குட்பட்டவர் பெற்றோர் ஒப்புதலின்றிக் கருத்தடை ஆலோசனை பெறலாம் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1985-இல் கில்லிக் வழக்கில் தீர்ப்பளித்தது. கெய்ரோவில் 1994-இல் நடந்த மக்கள்தொகை, வளர்ச்சி மாநாடு, வளரிளம் பருவத்தினரின் அந்தரங்கத்தையும் இரகசியத்தையும் மதிக்க வேண்டும் என்றது. அதன் தாக்கத்தில் இந்தியாவில் 1997-இல் இனப்பெருக்க, குழந்தை நலத் திட்டமும், 2014 ஜனவரி 7 அன்று தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் தொடங்கின. இத்திட்டத்தின் கீழுள்ள சிறப்பு மருத்துவமனைகள் தனிமையையும் இரகசியத்தையும் காக்க வேண்டும் என்பது விதி.

போக்சோவுடன் மோதல்

இதற்கு முன்பே, 2012 நவம்பர் 14 அன்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இசைவு வயது 18 ஆனது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது பிரிவு 21. வீட்டுக்குள்ளும் பள்ளியிலும் மூடி மறைக்கப்பட்ட கொடுமைகளை வெளிக்கொணர இவ்விதி தேவைப்பட்டது. ஆனால் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியையும், தன் வயதொத்தவனுடன் விரும்பிப் பழகிய பதினேழு வயதுப் பெண்ணையும் அது வேறுபடுத்துவதில்லை. இளவயதில் மணமாகிக் கர்ப்பமான பெண் பிரசவப் பதிவுக்கு வந்தாலும் சிக்கல் எழுகிறது.

வடசென்னையில் இதன் பொருள் என்ன? இராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை 1880 முதல் துறைமுக, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரசவம் பார்த்து வருகிறது. பெரம்பூரும் வியாசர்பாடியும் இரயில்வே பட்டறை, பின்னி ஆலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த நெருக்கமான குடியிருப்புகள். அத்தகைய தெருவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வருவதே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குக் காவலர் வரக்கூடும் என்ற பயமும் சேர்ந்தால், மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கவோ தகுதியற்றவரிடம் போகவோ ஒரு பெண் துணியலாம். அதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

நீதிமன்றங்கள் திறந்த வழி

உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று, நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வில், இந்த அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பிரிவு 19-இன் கீழ்த் தரும் தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு 2023-இல் இதைத் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு வலியுறுத்தியது. இசைவு வயதைக் குறைக்க வேண்டாம், ஆனால் 16 முதல் 18 வயதினர் விரும்பிப் பழகிய வழக்குகளில் தண்டனை குறித்து நீதிமன்றத்துக்கு விருப்புரிமை தரலாம் என்று அதே ஆண்டில் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது.

இன்றைய நிலை

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகியோ கர்ப்பமாகவோ இருந்தனர். இவர்களுக்கு மருத்துவமனையின் கதவு அச்சமின்றித் திறக்க வேண்டும். காவல்துறைக்குத் தகவல் தரும் கடமை இன்றும் நீடிக்கிறது. பெயரை மறைக்கும் உரிமை கருக்கலைப்பு வழக்குகளுக்கே தெளிவாக உண்டு. கருத்தடை ஆலோசனைக்கும் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கும் அத்தகைய தெளிவு வரவில்லை. கொடுமைக்கு ஆளான குழந்தையைக் காக்கும் சட்டம், உதவி தேடும் குழந்தையை விரட்டாமல் இருக்க வேண்டும் என்பதே இன்று தீராமல் நிற்கும் கேள்வி. லாக் ஆஸ்பத்திரியிலிருந்து பெண்கள் விலகிப் போனதும், கோஷா ஆஸ்பத்திரிக்கும் நம்பிக்கை மையத்துக்கும் மக்கள் வந்ததும், அக்கேள்விக்கு இந்நகரமே முன்பு தந்த விடைகள்.