குக்கியும் சுமைப் பங்கீடும்: வலைத்தளத்தின் நினைவு இடம்மாறிய வரலாறு

1989இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த உலகளாவிய வலையின் அடிப்படையான எச்டிடிபி நெறிமுறை, ஒவ்வொரு கோரிக்கையையும் முன்பின் தொடர்பற்றதாகவே கருதியது. பக்கத்தை அனுப்பி முடித்ததும், கேட்டவர் யார் என்பதைச் சர்வர் மறந்துவிடும். ஆவணம் படிப்போருக்குப் போதுமாயிருந்த இம்முறை, பொருள்களைக் கூடையில் சேர்த்து வாங்கும் வணிகத்துக்குப் போதவில்லை.

எம்சிஐ என்னும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், முடிவுறாத கொள்முதல் விவரங்களைத் தன் சர்வர்களில் சேமிக்க விரும்பாததால், 1994இல் நெட்ஸ்கேப் என்னும் உலாவி நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி அவற்றைப் பயனரின் கணினியிலேயே வைக்கும் வழியை வகுத்தார். சர்வர் தரும் சிறு எழுத்துத்தொடரை உலாவி சேமித்து, அடுத்தடுத்த கோரிக்கைகளோடு திருப்பியனுப்பும் இவ்வேற்பாடு, நிரலாளர்களிடையே வழங்கிய 'மேஜிக் குக்கி' என்னும் சொல்லால் குக்கி எனப் பெயர் பெற்றது. ஆனால் நடைமுறையில் பலர் குக்கியில் அடையாள எண்ணை மட்டும் இட்டு, கூடையைச் சர்வரின் நினைவகத்திலேயே வைத்தனர். செஷன் எனப்படுவது இதுவே.

ஒரு தளத்துக்குப் பல சர்வர்கள் தேவைப்பட்டபோது, வரும் கோரிக்கைகளை அவற்றிடையே பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் கருவிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி 1997இல் வெளிவந்தது. முதல் சர்வரில் கூடையை நிரப்பியவரின் அடுத்த கோரிக்கை இரண்டாம் சர்வருக்குச் சென்றால், அங்கே கூடை இராது. பயனரை ஐபி முகவரியால் அடையாளம் கண்டு ஒரே சர்வருக்கு அனுப்பும் முயற்சியும் முழுமையாகப் பயன்படவில்லை. ஏனெனில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பிராக்சி எனப்படும் பல இடைநிலைச் சர்வர்களின் வழியே வந்ததால், ஒருவரின் முகவரியே இடையில் மாறியது. எனவே எந்தச் சர்வர் என்பதைப் பேலன்சரே ஒரு குக்கியில் குறித்தனுப்பும் முறை உருவாயிற்று. இதன் ஒரு வடிவத்துக்கு எஃப்5 2002இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. நினைவைச் சர்வரிடமிருந்து விலக்கப் பிறந்த குக்கி, இவ்வாறு பயனரை ஒரு சர்வரோடு பிணைக்கும் கயிறாயிற்று.

அச்சர்வர் நின்றால் கூடையும் அழியும் என்பதால், செஷனை எல்லாச் சர்வர்களும் அணுகும் பொதுக் கிடங்குக்கு மாற்றுவது பரவியது. வேறு சிலர் விவரங்களை மறைக்குறியீட்டுக் கையொப்பத்துடன் குக்கிக்குள்ளேயே வைத்தனர். உலாவிகள் குக்கி ஒன்றுக்குக் குறைந்தது 4096 பைட்டுகளை ஏற்க வேண்டும் என்னும் 2011ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6265 நெறியை ஒட்டியே இதன் கொள்ளளவு அமைகிறது. விவரங்களை இவ்வாறு குக்கிக்குள் வைக்கையில், சர்வர்கள் அனைத்தும் பொதுவாக வைத்திருக்க வேண்டியது கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி மட்டுமே. எம்சிஐ 1994இல் விரும்பிய பாரமற்ற சர்வர் இங்கேதான் கைகூடுகிறது.