புத்தர் பற்றி படிக்கணுமா? தமிழில் எந்தப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்?

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்கள் நாடு முழுக்கப் போகின்றன. முருகன், லட்சுமி படங்களோடு கண்மூடி அமர்ந்த புத்தர் படமும் அதில் உண்டு. அந்தப் படத்தைத் தாண்டி புத்தர் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க முதலில் தடுமாறுவது எதைப் படிக்கிறது என்பதில்தான். தப்பான புத்தகத்தில் ஆரம்பிச்சா 20 பக்கத்திலேயே மூடி வைக்க வேண்டி வரும்.

இது புதுப் பிரச்னை இல்லை. மணிமேகலையைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் உட்கார்ந்தபோது அவருக்கே பௌத்தம் பிடிபடவில்லை. விளக்கிச் சொல்ல அன்றைக்குத் தமிழ்ப் புலவர்கள் மத்தியில் ஆள் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியார், ஆங்கில நூல்களின் துணையோடு அவருக்கு விளக்கினார். 1898-ல் மணிமேகலை அச்சில் வந்தது. பௌத்தம் பற்றித் தனியாக உரைநடையிலும் உ.வே.சா. எழுதினார்.

முதல் புத்தகம் எது?

பள்ளிப் படிப்போடு நிறுத்தியவருக்கும் புரியணும் என்றால், மயிலை சீனி.வேங்கடசாமி எழுதிய ‘கௌதம புத்தர்’ நல்ல தொடக்கம். பிறப்பு, துறவு, ஞானம், போதனை, மறைவு என்று கதை போல நேராகப் போகும். அடுத்து அவருடைய ‘பௌத்தமும் தமிழும்’. 1940-ல் வெளியான இந்த நூல், தமிழ்நாட்டில் பௌத்தம் எப்படி வந்தது, எந்தெந்த ஊர்களில் இருந்தது, ஏன் மறைந்தது என்று சொல்கிறது. மதுரையில் பௌத்தப் பள்ளி இருந்ததை மதுரைக்காஞ்சியே பதிவு செய்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856-ல் தொடங்கி கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350. அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஒரு எச்சரிக்கை. சாஸ்தா, அய்யனார் வழிபாட்டின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது என்பது வேங்கடசாமியின் கருத்து. ராஜபாளையம் நீர்காத்த அய்யனாரைக் கும்பிடுறவங்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்கும். ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதை ஒரு வாதமாகப் படிக்கணும், முடிந்த தீர்ப்பாக அல்ல.

அம்பேத்கர் நூலை எப்போது எடுப்பது?

‘புத்தரும் அவர் தம்மமும்’, அம்பேத்கர் இறந்த பிறகு 1957-ல் ஆங்கிலத்தில் வெளியானது. தமிழில் பெரியார்தாசன் மொழிபெயர்த்திருக்கிறார். இதையே முதலில் எடுப்பவர்கள் நிறைய பேர். தப்பில்லை, ஆனால் இதில் வரும் புத்தர் வேறு மாதிரி. முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளைப் பார்த்துத்தான் சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனார் என்பது பழைய கதை. 29 வயது வரை ஒருவர் நோயையும் சாவையும் பார்க்காமலா இருந்திருப்பார் என்று அம்பேத்கர் கேட்கிறார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக சாக்கியர்களும் கோலியர்களும் மோதியபோது, போர் வேண்டாம் என்று நின்றதால்தான் அவர் வெளியேற நேர்ந்தது என்கிறார். காவிரிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். பழைய கதையைத் தெரிந்துகொண்டு இதைப் படித்தால்தான், அவர் எதை மாற்றுகிறார், ஏன் மாற்றுகிறார் என்பது பிடிபடும்.

அவருக்கு முன்பே 1898-ல் சென்னையில் பௌத்த சங்கம் தொடங்கியவர் அயோத்திதாசர். அவருடைய ‘ஆதிவேதம்’ முக்கியமான நூல். ஆனா அந்தக்கால நடை கடினம், மூன்றாவது நான்காவதாக வைத்துக்கொள்ளலாம்.

மணிமேகலை? எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், அதாவது தானிய வியாபாரி. பருப்பு, மல்லி விலை பேசியே வளர்ந்த விருதுநகர்க்காரர்களுக்கு நெருக்கமான ஆள்தான். 30 காதைகளில் கதைப் பகுதிகளை உரையோடு படிக்கலாம். கடைசியில் வரும் தருக்கப் பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்க. தம்மபதத்தின் 423 பாடல்களையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, தினம் இரண்டு மூன்று போதும். ஹெர்மன் ஹெஸ்ஸேவின் ‘சித்தார்த்தன்’ புத்தரின் வரலாறு என்று நினைத்து வாங்குறவங்க உண்டு. அது 1922-ல் வந்த நாவல். அதன் நாயகன் புத்தர் இல்லை, வேறு ஒருவன்.

பட்டாசுத் தொழிலுக்கு புத்தர் என்ன சொல்கிறார்?

இந்தப் பகுதியில் படிக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய 5 வியாபாரங்களை இல்லறத்தார் தவிர்க்க வேண்டும் என்கின்றன பாலி நூல்கள். பட்டாசு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிழைப்பு யாருக்கு என்ன தீங்கு செய்கிறது என்று பார்க்கச் சொல்வதுதான் ‘நல்வாழ்க்கை’ என்ற போதனை. அதைக் கூலிக்கு மருந்து அடைக்கிற தொழிலாளியிடம் கேட்பதற்கு முன், பாதுகாப்பு விதியை மீறி ஆலை நடத்துபவரிடம் கேட்பதே நியாயம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த கிசாகோதமியிடம், சாவு நடக்காத வீட்டில் இருந்து கடுகு வாங்கி வரச் சொன்ன கதை எல்லா அறிமுக நூலிலும் வரும். அவள் வீடு வீடாக அலைந்து, அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். இழப்பில் இருப்பவருக்கு அந்தக் கதையை உபதேசமாகச் சொல்லாதீங்க. கதையிலும் அவளுக்கு யாரும் பதிலைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

படித்தால் மதம் மாறணுமா?

இல்லை. இலங்கையின் பௌத்த அரசியலை நினைத்துத் தயங்கும் தமிழர்களும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தமிழ் பௌத்தத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது. ஒருவேளை மாற நினைக்கும் பட்டியல் சாதியினருக்கு ஒரு சட்டத் தகவல்: 1990-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பௌத்தத்துக்கு மாறினாலும் மத்திய அரசின் பட்டியல் சாதி அந்தஸ்து தொடரும்.

காசு செலவு பற்றிக் கவலை வேண்டாம். வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் முதலில் ஊர் நூலகத்தில் கேளுங்க.